கூரை யாருடையது? தெம்பனிஸ் சொல்லும் கதை



சிங்கப்பூரின் கிழக்குப் பக்கம் தெம்பனிஸ் என்று ஓர் ஊர். சாங்கி விமான நிலையத்துக்குப் பக்கம். இரண்டரை லட்சம் பேருக்கு மேல் குடியிருக்கிறார்கள். ரயில் நிலையம், வங்கிக் கட்டடங்கள், பெரிய பெரிய கடைத்தொகுதிகள், நூலகம், நீச்சல் குளம், எல்லாம் உண்டு. 1992 அக்டோபரில் உலகக் குடியிருப்பு விருது வாங்கிய ஊர் அது. "அதைப்பற்றித் தோட்டத் தொழிலாளர் பக்கத்தில் என்ன பேச்சு? பால் வெட்டுகிறவனுக்கும் தெம்பனிஸுக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அந்த ஊரும் ஒரு காலத்தில் கித்தாக் காடுதான்.

தெம்பினிஸ் என்பது ஒரு மரத்தின் பெயர். இரும்பு மாதிரி கெட்டியான மரம். அந்த மரக்காடு போய், ரப்பர்த் தோட்டமும் கம்பமும் மணல் குழியும் வந்தன. தென் அமெரிக்காவில் பிறந்த ரப்பர்க் கன்று 1877இல் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்து சேர்ந்தது. அங்கே 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி துரைதான் மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் வகையைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். நம் கையிலுள்ள வெட்டுக்கத்திக்கு அந்தத் தீவில்தான் பாடம் எழுதப்பட்டது. 1930களின் நடுவில் அந்தத் தீவின் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு ரப்பராக இருந்தது. இன்றைக்கு அங்கே போய் ஒரு மங்கைத் தேடினாலும் கிடைக்காது.

தோட்டம் போய்விட்டது. தோட்டத்தில் இருந்த மேல்-கீழ் போய்விட்டதா? இதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

மேட்டு பங்களா, பள்ளத்து லயம்

சமூகவியல் என்று ஒரு படிப்பு இருக்கிறது. மனிதர்கள் ஏன் அடுக்கடுக்காக வாழ்கிறார்கள் என்று ஆராய்கிற படிப்பு. அதைப் படித்தவர்கள் 'வர்க்கம்' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். நமக்கு அந்தப் புத்தகம் தேவைப்பட்டதில்லை. பிரட்டுக்களத்தில் நின்றவனுக்கு அது கண்ணெதிரே தெரிந்தது. மேட்டின் உச்சியில் துரை பங்களா. அதற்குக் கீழே கிராணி வீடு. அப்புறம் மண்டோர், கங்காணி. எல்லாவற்றுக்கும் கீழே, மழைத் தண்ணீர் வந்து தேங்குகிற பள்ளத்தில், நம் லயம். ஒருவன் யார் என்று தெரிய அவன் பெயரைக் கேட்க வேண்டாம், அவன் வீட்டுக்கு எத்தனை அடி மேலே ஏற வேண்டும் என்று பார்த்தால் போதும்.

சம்பளத்தையும் பாருங்கள். 1920களின் கடைசியில் இந்தியத் தோட்டத் தொழிலாளிக்கு வைத்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே நிரை, ஒரே காண்டா, அதே இருட்டில் எழுந்து போகிற வேலை. கூலியில் மட்டும் பத்துக் காசு குறைவு. பிறகு உலகச் சந்தையில் ரப்பர் விலை சாய்ந்தது. 50 காசு 40 ஆனது, அதுவும் நிற்காமல் இன்னும் கீழே போனது. 1930க்கும் 1933க்கும் நடுவே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மலாயாவிலிருந்து கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை நன்றாக இருந்தபோது லாபம் கம்பெனிக்கு. விலை விழுந்தபோது நஷ்டம் நமக்கு. துரைமார் இதற்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் வைத்திருந்திருக்கலாம்.

படிப்பு? 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். பல இடங்களில் கொட்டகைதான் பள்ளி, கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். நானும் தோட்டப் பள்ளியில் படித்தவன்தான், எழுத்தறிவித்தவர்களைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பள்ளியின் வாசல் திரும்ப மரத்தடிக்கே போகும்படி கட்டப்பட்டிருந்தது. அடுத்த தலைமுறை வெட்டுக்காரன் எங்கிருந்து வருவான்? ஆயாக் கொட்டகையிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து தீம்பாருக்கு.

சைக்கிளை விட்டு இறங்கு!

இங்கே ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். ஆர்.எச். நாதன் என்பவர் முன்னின்றார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, ஐந்து பேர் செத்தார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். அந்தத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்பது ஒன்று. நல்ல பள்ளி, நல்ல மருந்து, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து, கள்ளுக்கடையை மூடு. இவற்றோடு இன்னொன்று: துரையோ தோட்ட அதிகாரியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழி!

இது என்ன கோரிக்கை? இதனால் கூலியில் ஒரு காசு கூடுமா? கூடாது. இருந்தும் அதற்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தார்களே, ஏன்? மாக்ஸ் வெபர் என்ற ஜெர்மன் சமூகவியலாளர், ஏற்றத்தாழ்வு என்பது பணம் மட்டும் இல்லை, மதிப்பு ஒன்று தனியாக இருக்கிறது, அதிகாரம் ஒன்று தனியாக இருக்கிறது என்று எழுதினார். அவரைப் படிக்காமலேயே கிள்ளான் தொழிலாளி அதைச் சரியாகப் பிடித்துவிட்டான். கூலி உயர்ந்தும் சைக்கிளைவிட்டு இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் அவன் இன்னும் பள்ளத்தில்தான் இருக்கிறான்.

என் கணக்கில் இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அதுதான் கூரை. லயத்து வீடு யாருடையது? தோட்டத்துடையது. வேலை இருக்கிறவரை வீடு. வேலை போனால் சட்டி பானையோடு ரோட்டில். ஐம்பது வயதுக்காரர் கிராணியிடம் வாயைத் திறக்க ஏன் பயந்தார்? கோழையா? இல்லை. அவர் வாய் திறந்தால் கிழவியும் பேரப் பிள்ளையும் தூங்குகிற இடம் போய்விடும். கூலியும் கூரையும் ஒரே கையில் இருக்கும்போது அந்தக் கை என்ன சொன்னாலும் "சரிங்க தொரை" தான்.

தெம்பனிஸில் என்ன நடந்தது?

சிங்கப்பூர் இந்த முடிச்சை ஒரு விதத்தில் அவிழ்த்தது. எப்படி என்று கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஆரம்பமானது. 1964இல் சொந்த வீடு வாங்கும் திட்டம் வந்தது. 1966இல் நில எடுப்புச் சட்டம். பொதுத் தேவை என்றால் அரசாங்கம் தனியார் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம், சந்தை விலைக்குக் குறைவாகவும் கொடுக்கலாம். 1960இல் தீவின் நிலத்தில் 44 விழுக்காடு அரசாங்கத்திடம் இருந்தது. 1985இல் 76 விழுக்காடு. 1968இல், மத்திய சேமநிதியிலிருந்து பணத்தை எடுத்து அந்த வீட்டை வாங்கலாம் என்று வழி திறந்தார்கள். நிலம் மலிவு, தவணை சம்பளத்திலிருந்தே போகிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் ஊரை எழுப்பின.

தெம்பனிஸில் 1970களின் கடைசியில் வேலை ஆரம்பித்தது. கித்தா மரம் சாய்ந்தது, கம்பம் கலைந்தது, அடுக்குமாடி எழுந்தது. 1989இல் ரயில் வந்துவிட்டது. கம்பத்துக்காரர்களுக்கு அது இனிப்பாக மட்டும் இருந்திருக்காது. நிலத்துக்குப் பட்டா வைத்திருந்தவனுக்கு ஒரு விலை கிடைத்தது. குடியிருந்தவனுக்கு ஒரு தொகை. கூலிக்கு நின்றவனுக்கு வேலையும் போய் இருப்பிடமும் ஒரே நாளில் போனது. ஆனாலும் ஒன்று நடந்தது. நகராண்மைக் கூலியாக, துறைமுகக் கூலியாக லைன் வீட்டில் கிடந்த நம் ஆட்கள் பல்லாயிரம் பேர், வாழ்க்கையில் முதல் தடவையாக, முதலாளியின் சாவி இல்லாத ஒரு கதவுக்குள் போனார்கள். இன்று அந்த நாட்டுக் குடும்பங்களில் பத்தில் ஒன்பது சொந்த வீட்டில் இருக்கிறது. "சொந்தம்" என்றாலும் 99 ஆண்டுக் குத்தகை, அதையும் மறக்கக்கூடாது. இருக்கட்டும். சூப்பர்வைசரோடு சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கலாம் என்பது லயத்தில் பிறந்தவனுக்குச் சின்ன விஷயம் இல்லை.

அப்படியானால் அங்கே மேல்-கீழ் ஒழிந்ததா? எங்கே! மேட்டு பங்களா போய் அது அடுக்குமாடிக்குள்ளேயே புகுந்துகொண்டது. மூவறை வீடு, நாலறை வீடு, ஐந்தறை வீடு, அதற்கு மேல் தனியார் கொண்டோ. ஒருவன் "நான் தெம்பனிஸ்ல இருக்கேன்" என்றால் அடுத்த கேள்வி "எத்தனை அறை?" என்பதுதான்! 2011இல் தெம்பனிஸில் ஒரு புதிய ஐந்தறை வீட்டுக்கு 8 லட்சத்து 80 ஆயிரம் வெள்ளி வரை விலை சொன்னார்கள். பொதுமக்களுக்கான வீடு என்ற பெயரில் தனியார் கட்டுமானக்காரர் கட்டி விற்கும் திட்டம் அது. நாடே கொதித்தது. விலையைக் குறைத்தார்கள், அந்தத் திட்டத்தையே நிறுத்தி வைத்தார்கள். கீழ்த்தட்டில், வீடு வாங்க முடியாமல் அரசாங்க வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்களும் உண்டு. தியோ யூ யென் என்ற சமூகவியல் பேராசிரியை அப்படிப்பட்ட வீடுகளுக்கு ஆண்டுக்கணக்கில் போய்வந்து, அந்தத் தாய்மார்களோடு பேசி, 2018இல் ஒரு புத்தகம் எழுதினார். பணக்கார நாட்டில் ஏழையாக இருப்பது எப்படி இருக்கும் என்று அந்த ஊர்ப் படித்தவர்கள் பலருக்கு அதைப் படித்தபிறகுதான் உறைத்ததாம்.

2017இல் இன்னொரு ஆய்வு வந்தது. அரசாங்க அடுக்குமாடியில் இருப்பவருக்கு, அதேபோன்ற வீட்டில் இருக்கும் நண்பர்கள் சராசரியாக நாலு பேருக்கு மேல். தனியார் வீட்டில் இருக்கும் நண்பர் ஒருவர்கூட முழுசாக இல்லை! இனத்தையும் மதத்தையும்விட வர்க்கம்தான் அங்கே ஆட்களைப் பிரிக்கிறது என்று அந்த ஆய்வு சொன்னது. எந்த இனத்தார் எந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் என்று 1989 முதல் விகிதம் வைத்து எல்லாரையும் கலந்து குடிவைத்த நாடு அது. பக்கத்து வீட்டுக்காரனைக் கலக்கத் தெரிந்தது, பணக்காரனையும் ஏழையையும் கலப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. கினி எண் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எல்லாரும் சமம் என்றால் 0, ஒருவனே எல்லாவற்றையும் சுருட்டினால் 1. வேலை வருமானத்தை மட்டும் பார்த்தால் 2023இல் சிங்கப்பூருக்கு 0.433. வரி வாங்கி, உதவித்தொகை கொடுத்த பிறகு 0.371. அரசாங்கம் கை வைத்தால் இறங்குகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது அல்லவா?

புதிய லயம்

இதெல்லாம் அந்த நாட்டுக் குடிமக்களின் கதை. அந்த அடுக்குமாடிகளைக் கட்டுகிறவன் கதை வேறே. அவன் பெரும்பாலும் புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். அல்லது வங்காளதேசத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனால் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். வாரநாளில் காலை இருட்டோடு தெம்பனிஸ் சாலையில் நின்றால் லோரியின் பின்தட்டில் குந்திக்கொண்டு போகிறதைப் பார்க்கலாம். கையில் சோற்றுப் பொட்டலம். நம் ஆட்கள் பிரட்டுக்குப் போன அதே நேரம்!

நாளுக்கு 18, 20 வெள்ளி அடிப்படைச் சம்பளத்துக்கு வந்து, ஓவர்டைமை நம்பிப் பிழைத்தவர்கள் ஏராளம். 20 வெள்ளி என்றால் 26 நாளுக்கு 520. இந்தப் பக்கம், கட்டுமான வேலைக்கு இப்படி ஓர் ஆளை வைத்துக்கொள்ள முதலாளி அரசாங்கத்துக்கு மாதாமாதம் தீர்வை கட்டவேண்டும்: 2024 முதல், திறன் கூடியவருக்கு 500 வெள்ளி, அடிப்படைத் திறன் மட்டும் உள்ளவருக்கு 900. ஆள் வாங்குகிற அடிப்படைச் சம்பளத்தைவிட ஆளின் தலைமேல் விழுகிற தீர்வை பெரிது என்ற நிலை வரலாம். அன்று கங்காணிக்குத் தலைக்காசு; இன்று தலைக்கு இத்தனை என்று ஏஜெண்டுக்கு ஊரில் நிலத்தை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறான். 2014இல் துப்புரவு வேலையில் ஆரம்பித்துப் பல துறைகளுக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை கொண்டுவந்தார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் அது அந்த நாட்டவருக்கு; பெர்மிட்டில் வந்தவனுக்கு இல்லை.

அவன் கூரை? தங்கும் விடுதி. அதை முதலாளிதான் ஏற்பாடு செய்கிறார். பெர்மிட்டை முதலாளி ரத்து செய்தால் வேலை, அறை, அந்த நாட்டில் கால் வைக்கும் உரிமை எல்லாம் சேர்ந்து போகும். லயத்துக்காரனுக்காவது தோட்டத்தை விட்டுப் போனால் அடுத்த தோட்டம் இருந்தது. குடும்பம் கூட இருந்தது. இவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை எல்லாம் கைப்பேசிக்குள்ளே.

2020 ஏப்ரலில் கொரோனா வந்தபோது இது வெட்டவெளிச்சமானது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விடுதிகளில் அடைபட்டார்கள். தெம்பனிஸில் இருந்த ஒரு பெரிய விடுதியும் தனிமைப்படுத்தும் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதித் தொழிலாளர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் வந்து போயிருந்தது. அரசாங்கம் வைத்தியம் பார்த்தது, சோறு போட்டது, சாவு மிகக் குறைவு. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. ஆனால் அதே ஊரில், ஐந்து நிமிட நடையில் இருக்கும் அடுக்குமாடியில் ஏன் அப்படிப் பரவவில்லை? காற்றும் தண்ணீரும் ஒன்றுதானே! ஓர் அறையில் எத்தனை பேர் என்பதுதான் வித்தியாசம். 2021இல், இனிக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. பன்னிரண்டு பேர் ஓர் அறையில் என்பதுதான் திருத்தம்!

இன்னும் இரண்டு சம்பவங்கள். 2008இல் சிராங்கூன் கார்டன்ஸ் என்ற வசதியானவர்கள் வட்டாரத்தில் இப்படி ஒரு விடுதி வரப்போகிறது என்றதும் ஆயிரத்துக்கும் அதிகமான வீட்டார் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் விடுதி வந்தது. கூடவே, தொழிலாளர்கள் அந்த வீடுகளின் வழியே போகாதபடி தனி ரோடு ஒன்றும் வந்தது. வேலை செய்ய வா, என் கண்ணில் படாதே! சைக்கிளைவிட்டு இறங்கு என்பதற்கும் இதற்கும் என்ன தூரம், நீங்களே அளந்துகொள்ளுங்கள். 2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் 33 வயதுத் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்தார், கலவரம் மூண்டது. விசாரணைக் குழு, வேலை நிலைமை காரணம் இல்லை என்றது, குடியும் ஒரு காரணம் என்றது. 2015இல் அந்த வட்டாரத்துக்கு மதுக் கட்டுப்பாடு சட்டமாக வந்தது. கள்ளுக்கடையை மூடு என்று 1941இல் கேட்டவர்கள் தொழிலாளர்களே. அன்று கீழேயிருந்து கோரிக்கையாகப் போனது, இன்று மேலேயிருந்து சட்டமாக வருகிறது. குடியை நான் ஆதரிக்கவில்லை. யார் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

நம் பக்கம் திரும்புவோம்

கடலுக்கு இந்தப் பக்கம் என்ன? நம்மிடமும் வழி இல்லாமல் இல்லை. ஊழியர் சேமநிதி 1951இலேயே வந்துவிட்டது, சிங்கப்பூரின் சேமநிதிக்கு நான்கு ஆண்டு மூத்தது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது நம் ஜனங்கள் ரோட்டுக்கு வந்தார்கள். அப்போது 1960இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தொழிலாளியிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்து, அந்தப் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். தோட்டத்தில் பால் வெட்டுகிறவனே தோட்டத்தில் பங்குக்காரன்! கூரையும் கூலியும் யார் கையில் என்ற கேள்விக்கு அந்தப் பத்து வெள்ளி ஒரு பதில். அதை நாடு முழுக்கக் கொண்டுபோயிருந்தால், பின்னாளில் தோட்டம் தோட்டமாக வீடமைப்புக்கும் கோல்ப் மைதானத்துக்கும் போனபோது நாம் வெறும் கையோடு நின்றிருக்க மாட்டோம் என்பது என் எண்ணம்.

குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாக வந்தது, 2025இல் 1,700 ஆனது. சண்டை போட்டு வாங்கியது, சந்தோஷம். வீட்டு விஷயத்தில்? 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446, தொழிலாளிக்குக் கொடுக்கும் வீடு எப்படி இருக்கவேண்டும், தண்ணீர் எப்படி, ஆயாக் கொட்டகை எப்படி என்று சொல்கிறது. 2019இல் திருத்தி இன்னும் பல தொழில்களுக்கு விரித்தார்கள். நல்ல லயம் தரவேண்டும் என்கிற சட்டம் அது. ஓய்வு பெற்ற மறுநாள் அந்த லயத்தில் இருக்கலாம் என்று அது சொல்லவில்லை. அறுபது வயதில் சாவியைக் கொடுக்கச் சொன்னால் எங்கே போவது?

ஆகவே கிளைக் கூட்டத்தில் சம்பளத்தோடு வீட்டையும் பேசுங்கள். சேமநிதிக் கணக்கில் நல்வாழ்வுக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது; அதிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கலாம். எவ்வளவு இருக்கிறது என்று பிள்ளைகளை விட்டுக் கைப்பேசியில் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டம் கைமாறப்போகிறது, மூடப்போகிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்தால், 1980ஆம் ஆண்டு விதிப்படி வேலை நீக்கத்துக்கு நஷ்டஈடு உண்டு: ஓராண்டுக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் பதினைந்து நாள், ஐந்து ஆண்டுக்கு மேல் இருபது நாள். இருபது ஆண்டு வெட்டியவருக்கு அது 400 நாள் சம்பளம். புதிய முதலாளி அதே சம்பளம், அதே வசதியோடு வேலை கொடுக்க முன்வந்தால் இது கிடையாது. அவர் எழுத்தில் கொடுத்தது என்ன என்று பார்க்கவேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் வேறு, இந்தப் பணம் வேறு. எந்தத் தாளிலும் கைநாட்டோ கையெழுத்தோ போடுவதற்கு முன்னால் அதை அப்படியே கொண்டுவந்து உங்கள் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள். சாவி அதுவரை உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.